பூவரசின் முண்டு

"ஆசானே, நீங்க சொன்ன வாக்கியம் ஒண்ணு என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கு" என்றாள் பிரமு.

ஆசான் கொல்லையில் குனிந்திருந்தார். காற்றில் சாய்ந்த பூவரசு குறுக்கே கிடந்தது. அதன் அடிமரத்தில் பானை அளவுக்கு ஒரு முண்டு புடைத்திருந்தது. அதை விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த வாக்கியம்?"

"அடிபட்ட இடத்தில்தான் மரம் அழகாகும்."

"நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கப் போய்த்தான் வினை. மரம் சாஞ்ச அன்னைக்கு இந்த முண்டைக் காட்டிச் சொன்னீங்க. கூட நின்ன யாரோ அதை ரோஜாப்பூப் படத்தோட வாட்ஸப்பில் போட்டுட்டாங்க. ஊரெல்லாம் சுத்திட்டு எங்க வீட்டுக்கும் வந்தாச்சு. என் வீட்டுக்காரர் ஸ்டேட்டஸே வச்சிருக்கார்."

ஆசான் நிமிர்ந்தார்.

ஆசான் ஒரு பெண். மரம் கடைபவர். பிரமுவைவிட நான்கு வயது இளையவர். கணவன் வீட்டைவிட்டு வந்த பிரமு, அவரிடம் கடைசல் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது. உடைத்தவர்தான் ஸ்டேட்டஸ் வைத்தவர்.

"வந்திருக்கிறது யாரு?"

"அண்ணன். வாசல்ல நிக்கிறாங்க. என்னைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விடணுமாம். ஆசானே சொல்லிட்டாங்களாம்."

"நான் மரத்தைத்தானே சொன்னேன்."

"மரத்துக்கும் அது பொய்தான். தான் அழகா இருக்கிறது மரத்துக்குத் தெரியுமா? அறுத்து உள்ளே ரேகையைப் பார்க்கிற நமக்குத்தான் தெரியும். நாம அறுக்கணும்னா அது விழணும். விழுந்தது யாரு, அழகு யாருக்கு?"

ஆசான் முண்டிலிருந்து கையை எடுத்தார்.

"அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கோங்க" என்றாள் பிரமு.

"சொன்னதை எப்படி வாங்குறது?"

"அது உங்க பாடு."

ஆசான் கையைத் தட்டிக்கொண்டார்.

"அண்ணனை உள்ளே வரச்சொல். ரெண்டு பிடி வச்ச பெரிய ரம்பத்தையும் எடுத்துட்டு வா."

அண்ணன் சங்கரலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். ஆசானைக் கும்பிட்டார்.

"அம்மா சொன்னது அப்படியே மனசுல நின்னுடுச்சு. என்ன ஒரு வார்த்தை!"

"ரம்பம் இழுப்பீங்களா?"

"என்னது?"

"மரம் விறகுக்கடைக்குப் போகுது. இந்த முண்டு மட்டும் எனக்கு வேணும். இவ கையில அவ்வளவு பலமில்லை."

சங்கரலிங்கம் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார்.

முண்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு அறுத்தார்கள். பிரமு தகர டப்பாவில் மெழுகை உருக்கி, வெட்டிய முகங்களில் பூசினாள். பூசாவிட்டால் காயும்போது வெடித்துவிடும். பிறகு முண்டை நிமிர்த்தி, நடுவாக இரண்டாக்கத் தொடங்கினார்கள்.

"ஆம்பளைக்குக் கோபம் வரும்" என்றார் சங்கரலிங்கம், இழுத்தபடி. "ஒரு நேரம் கை நீண்டுடும். ஆனா பாருங்கம்மா, அதுக்கப்புறம்தான் இவ பக்குவமாயிருக்கா. முந்தியெல்லாம் ஒரே வாய்."

"இப்பவும் வாய்தான்" என்றாள் பிரமு.

"பார்த்தீங்களா?"

"முந்தி ரெண்டு கையும் நேரா இருந்துச்சுண்ணே. அதுவும் அழகாத்தான் இருந்துச்சு."

"ஏட்டி, பெரியவங்க பேசிட்டிருக்கோம்."

"அவங்க என்னைவிடச் சின்னவங்க."

ரம்பம் கிறீச்சிட்டு நின்றது.

ஆசான் அதை வெளியே இழுத்துப் பார்த்தார். பற்கள் மூன்று போயிருந்தன.

உளியும் ஆப்பும் வைத்து முண்டைப் பிளந்தார். நடுவில் ஓர் ஆணி. விரல் நீளம். அதைச் சுற்றி மரம் கருத்துப்போய், தொட்டால் உதிர்ந்தது.

"துணிக்கொடி கட்ட அடிச்சிருப்பாங்க" என்றார் ஆசான். "இந்த வீட்டில் முன்னால இருந்தவங்க."

சங்கரலிங்கம் ஆணியைப் பார்க்கவில்லை. கருப்பைத் தாண்டி, சாக்லேட் நிறத்தில் சுழிசுழியாக ஓடிய ரேகைகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அடடா! ஆணி ஏறின இடத்தில்தானே இப்படி? அம்மா வாக்கு பலிச்சிடுச்சு."

பிரமு ஆசானைப் பார்த்தாள்.

ஆசான் குறடால் ஆணியைப் பிடுங்கினார். கல்லில் வைத்து நிமிர்த்தினார். நுனியைத் தீட்டினார். அவசரமே இல்லை. பிறகு ஆணியையும் சுத்தியலையும் சங்கரலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"கிணத்தடியில ஒரு இளம் பூவரசு நிக்குது பாருங்க."

"ஆமா."

"நேரா, மழமழன்னு இருக்கு. ஒரு முண்டுகூடக் கிடையாது."

"ஆமா."

"அதையும் அழகாக்கிடுங்க."

சங்கரலிங்கம் சிரித்தார். ஆசான் சிரிக்கவில்லை. பிரமுவும் சிரிக்கவில்லை.

அவர் கிணற்றடிக்குப் போனார். இடது கையால் ஆணியைப் பட்டையில் ஊன்றினார். மேலே மஞ்சள் பூ ஒன்றிரண்டு அவிழ்ந்திருந்தது. சுத்தியலை ஓங்கினார்.

ஓங்கிய கை ஓங்கியபடி இருந்தது.

"அடிங்க" என்றார் ஆசான். "ஒரே ஒரு அடி. கோபத்தில் அடிக்கிறதா நினைச்சுக்கோங்க."

கை இறங்கியது. ஆணி பட்டையைவிட்டு விலகியது. ஊன்றிய இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. அதைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"பச்சை மரம்மா" என்றார். "மனசு வரலை."



அவர் திரும்பினார். பிரமு பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கோணல் மணிக்கட்டில் மரத்தூள் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

பிரமு அவர் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப சொன்னீங்களேண்ணே. அதையே சொல்லுங்க."