சதுப்பு எலியும் நிலாச் சோறும்

முன்னொரு காலத்தில், நாம் முணுமுணுத்தால்கூட வானத்துக்குக் கேட்ட நாளில், அல்லிநாடு என்று ஒரு தேசம் இருந்தது. அதன் ஓரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு. கோரையும் நாணலும் ஆளுயரம் நிற்கும். தண்ணீர் நகர்கிறதா, தூங்குகிறதா என்றே தெரியாது.

அங்கே கோரை அறுத்துப் பிழைத்தார்கள் சடையனும் அவன் மனைவி மரிக்கொழுந்தும். சடையன் நல்லவன்தான் கண்ணுகளா, ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவன்.

சதுப்பின் நடுவே இடிந்த மண்டபத்தில் கூகையன் என்ற மந்திரவாதி இருந்தான். தட்டையாய், வட்டமாய் ஒரு முகம். நிலா ஏறிவிட்டால் பெரிய கூகை ஆந்தையாக மாறிப் பறப்பான். ஒரு பௌர்ணமி மாலை, நிலா எழும் நேரம், எதிரே வந்தவனைப் பார்த்துச் சடையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா?

"என்னய்யா, அரிசி புடைக்கிற சுளகுக்குக் கண்ணும் மூக்கும் வெச்ச மாதிரி இருக்கீரு!" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

"நிலா வெளிச்சத்திலா சிரித்தாய்? இனி நிலாவைக் கண்டாலே நடுங்கு!" என்று ஒரு கை தண்ணீரை வீசினான் கூகையன். சடையன் ஒரு பிடி எலியாகிக் கோரைக்குள் ஓடிவிட்டான்.

கூட வந்த மரிக்கொழுந்து கூகையன் காலில் விழுந்தாள். கூகையன் சொன்னான்: "இன்னும் மூன்று பௌர்ணமி. திறந்த வெளியில், பௌர்ணமி நிலவு மேலே பட, உன் கையால் ஒரு வாய்ச் சோறு தின்றால் அவன் மனிதன். நீ பிடித்து வைக்கக் கூடாது, அவனாக நிற்க வேண்டும். தவறினால், மூன்றாம் பௌர்ணமியோடு பேச்சும் மறந்து எலியேதான்."

இவ்வளவுதானா என்று நினைத்தாள் மரிக்கொழுந்து. சதுப்பு எலிகளைப் பற்றி அவளுக்கு அப்போது தெரியாது.

அமாவாசை இருட்டில் சடையன் வந்தான். மடியில் ஏறி, மீசை துடிக்க ஊர்க்கதை கேட்டான். பிறை வளர வளர அவன் வரும் நேரம் குறைந்தது. மற்ற எலிகளும் அப்படித்தான். இருட்டென்றால் திருவிழாக் கூட்டம். நிலவென்றால் ஒரு வாலைக்கூடப் பார்க்க முடியாது.

முதல் பௌர்ணமி. சோற்றை ஏந்தி நின்றாள். நாணல் ஓரத்தில் இரண்டு கண் மட்டும் மின்னின.

"வாங்க மச்சான்."

"மனசு வருது புள்ள, காலு வரமாட்டேங்குது."

மேலே கூகையன் வட்டமடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பௌர்ணமிக்கு ஒரு தாழங்குடை கொண்டுபோய் விரித்தாள். குடை நிழலில் சடையன் வந்தான், சோற்றையும் தின்றான். நிழலில் தின்றால் மந்திரம் விடுமா? மறு கவளத்துக்குக் குடையைச் சாய்த்தாள். நிலவு பட்டதும் ஒரே ஓட்டம்.

"மனசு... வருது... காலு..." பாதிப் பேச்சு அவனுக்கு மறந்துபோயிருந்தது.

மூன்றாம் பௌர்ணமி அன்று தெருவில் தமுக்கு அடித்தார்கள். "இன்றிரவு சந்திர கிரகணம்! கிரகணம் விடும்வரை யாரும் வாசல் தாண்டக் கூடாது, ஒரு பருக்கை வாயில் வைக்கக் கூடாது!"

மரிக்கொழுந்து உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். கிரகணம் என்றால் இருட்டு. இருட்டென்றால் எலி வருமே!

விளக்கின் முன் கைகூப்பினாள். "தாயே மாரி, ஊரெல்லாம் கதவைச் சாத்துது. நான் மட்டும் சோற்றோடு போறேன். பிழைன்னா எனக்குக் கொடு, அவருக்குக் கொடுக்காதே."

சதுப்பில் அவள் சோறேந்தி நிற்க, நடுவானில் நிலா மெல்ல மெல்லச் செம்பாகி, சாம்பலாகி அணைந்தது. அப்போது பார்க்க வேண்டுமே! கோரை அசைந்தது, நாணல் அசைந்தது, சதுப்பே மூச்சு விடுவதுபோல் ஆயிரம் எலிகள் வெளியே வந்தன. அதில் ஒன்று அவள் உள்ளங்கையில் ஏறியது.

"மச்சான்!"

"கீச்" என்றது. வேறு பேச்சில்லை.

சோற்றை நீட்டிய கையிலேயே அவன் நின்றான். அவள் விரலை மடக்கவில்லை. "தின்னாதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

நிலாவின் ஓரத்தில் நூல் போல வெளிச்சம் எட்டிப் பார்த்தது. ஆயிரம் எலிகளும் மறைந்தன. சடையன் நடுங்கினான். ஒரு கால் விளிம்பில், ஒரு கால் காற்றில். மேலே கூகை அலறிக்கொண்டு இறங்கியது.

பிடித்துக்கொள்ளச் சொல்லி அவள் கை கெஞ்சியது. அவள் பிடிக்கவில்லை. குனிந்து அவன் காதில் சொன்னாள்:

"மச்சான், அங்கே பாருங்க. சுளகு பறந்து வருது!"

எலி அண்ணாந்து பார்த்தது. நிலவொளியில் அதே வட்ட முகம், அதே உருட்டு முழி. எலியின் வயிறு குலுங்கியது. மீசை குலுங்கியது. எந்த எலியாவது சிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? அது சிரித்தது. சிரித்த வாயில் அவள் ஒரு பருக்கை வைத்தாள்.

விழுங்கியதும் அவள் முன்னே சடையன் நின்றான், முழு உயரத்துக்கு. அவனை மோத வந்த கூகை தடுமாறிச் சேற்றில் விழுந்து எழுந்தது. மனித உருவுக்குத் திரும்ப எவ்வளவோ முயன்றது. முடியவில்லை, முறிந்த மந்திரம் அவன் மேலேயே திரும்பிவிட்டது. கடைசியில் மண்டபத்துக்கே பறந்து போனது.

"மனசும் வந்துச்சு புள்ள, காலும் வந்துச்சு" என்றான் சடையன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் அவர்கள் கோரையோரம் ஒரு பிடி சோறு வைத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிடுவார்கள். எலிகள் வந்து தின்னும்போது, இருட்டில் ஒருவன் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்பு உங்கள் வீட்டிலும் குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா.