ஆறாவது இடம்

முத்தரசி அக்கா இந்தக் கதையை முதலில் சொன்னது, என் கடைக்குட்டி வேலைக்கென்று ஓசூர் போன வருஷம். ஆடி வெள்ளிக்கு அம்மனுக்கு மாலை தொடுத்துக்கொண்டிருந்தோம்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதன் குரு வடிவாம்பிகை அம்மாளுக்கு நாற்பது வயது. சீடர் வைத்திலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். மடத்தில் எது கழன்றாலும் அவரைத்தான் தேடுவார்கள்.

அவர் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கருவி இருக்கும். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் கத்தி, கத்தரி, குறடு. வேண்டாததைக் கழற்றிவிட்டு வேண்டியதை மாட்டலாம். ஒரு மாதமாக அவருக்கு அதுதான் தியானம்.

ஒருநாள் அதைக் குருவிடம் கொண்டுவந்தார்.

"ஆறு இடம் அம்மா. ஐந்தை நிரப்பிவிட்டேன். ஆறாவதில் என்ன வைக்கட்டும்? ரம்பமா, அரமா?"

குரு ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.

"இந்தக் கொக்கி எதற்கு ஐயா?"

"குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க."

"நம்மிடம் குதிரை உண்டா?"

"இல்லை அம்மா."

"கல் உண்டு," என்றாள் சமையல் பார்க்கும் கோகிலா. "தினமும் அரிசியில் பொறுக்குகிறேனே."

குரு கத்தியைத் திறக்கப் பார்த்தார். நகம் வழுக்கியது.

வைத்திலிங்கம் சிரித்தார். "அது உங்களுக்கு வராது அம்மா. ஆடாமல் இருக்க திருகாணியை முறுக்கி வைத்திருக்கிறேன். என் வலது கட்டைவிரலுக்குத்தான் திறக்கும்."

"அப்படியா. ஆறாவது இடம் கொஞ்ச நாள் காலியாக இருக்கட்டும்."

"ஏன் அம்மா?"

"எனக்கும் தெரியவில்லை. பார்ப்போம்."

நாலாம் நாள் காலை வைத்திலிங்கம் பசுவைக் கட்டப் போனார். கயிற்றை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். சாலையில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. பசு மிரண்டு கல்தூணைச் சுற்றி ஓடியது. கயிறு அவர் கையைத் தூணோடு இறுக்கிவிட்டது. விரல்கள் நீலம் பாய்ந்தன.

இடது கையால் கருவியை எடுத்தார். கத்தி அசையவில்லை.

சத்தம் கேட்டுக் கோகிலா ஓடிவந்தாள். குரு பசுவின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பசு அடங்கவில்லை.

"சித்தப்பா, இதை எப்படித் திறப்பது?" கோகிலா கருவியை வாங்கினாள்.

"கட்டைவிரலை அடியில் வைத்து அழுத்தும்மா."

அழுத்தினாள். நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"சித்தப்பா, உங்கள் கை கறுக்கிறது."

கருவியைக் கீழே போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். அரிவாள்மனையைத் தூக்கிவந்து, வெங்காயத் தோல் ஒட்டியிருந்த அதன் அலகால் கயிற்றை அறுத்தாள்.

கை பிழைத்தது.

சாயங்காலம் விளக்கேற்றியானதும், மஞ்சள் பற்றுப் போட்ட கையோடு அவர் குருவின் முன் உட்கார்ந்தார். கருவியை நடுவில் வைத்தார்.

"அம்மா, அந்த ஆறாவது இடத்தில் என்ன வைக்கட்டும்?"

"கோகிலாவைக் கேளுங்கள் ஐயா. அடுத்த முறையும் திறக்க வருவது அவள்தான்."

வைத்திலிங்கம் திருகாணியைத் தளர்த்த, இடது கையாலேயே திருப்புளியைத் தேடினார்.

உங்கள் பையிலும் அப்படி ஒன்று இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து ஒருதரம் திறக்கச் சொல்லுங்களேன்.