ஊசி போட்டு வந்த துறவு

ஜவ்வாது மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்த நாளிலிருந்து பொன்னுரங்கத்துக்கு ஒரே பல்லவிதான். "அம்மா, எனக்குக் காவி கொடுங்கள்."

ஆசிரமத்தை நடத்திவந்த உமையாள் அம்மா அவரைவிட வயதில் ரொம்ப இளையவர். கல்லூரியில் பறவையியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் உதறிவிட்டுத் துறவியானவர். புறாக்களை மட்டும் உதற முடியவில்லை. ஆசிரமத்துக்குப் பின்னால் கூண்டு நிறைய வளர்த்தார். அடேயப்பா, அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பூசை நேரம்கூட மறந்துபோகும் அவருக்கு!

"எதற்கு ஐயா காவி?"

"ஆசை அற்றுவிட்டதம்மா. பெண்சாதி பக்கத்தில் படுத்திருந்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. என்னைப் படாத பாடு படுத்திய ஆசை, போன இடம் தெரியவில்லை."

"எப்போதிலிருந்து?"

பொன்னுரங்கம் நெளிந்தார். "புராஸ்டேட்டில் கட்டி வந்து, ஆண் ஹார்மோனை அடக்க டாக்டர் ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட, என்ன ஐயா நீங்கள்! காயடித்த சேவலும்தான் கோழியைத் துரத்துவதில்லை. அதுவும் துறவியா?"

மனிதருக்கு முகம் சுண்டிப்போனது. அப்போதுதான் உண்மை வெளியே வந்தது.

"அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறதம்மா. அவளும் கேட்பதில்லை, நானும் பேசுவதில்லை. துறவி என்று சொல்லிக்கொண்டால் மானமாவது மிஞ்சும். எல்லாமே அந்தச் சொட்டு ஹார்மோன்தான் என்றால், அது போனபின் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?"

அம்மா அவரைக் கூண்டருகே அழைத்துப்போனார்.

உள்ளே ஓர் ஆண்புறா குனிந்து நிமிர்ந்து, தொண்டை புடைக்க, பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தது. "பாருங்கள் அவன் கும்மாளத்தை! எல்லாம் ஹார்மோன் படுத்துகிற பாடு," என்றார் அம்மா.

சற்று நேரத்தில் பெண்புறா கூட்டில் போய் உட்கார்ந்து, மெல்லக் கூவத் தொடங்கியது.

"அவள் யாருக்குக் கூவுகிறாள்?"

"ஆணுக்குத்தான்."

"தனக்கும்தான் ஐயா. தன் குரலைத் தானே கேட்கக் கேட்க அவள் உடம்பில் ஹார்மோன் ஊறும், முட்டை முதிரும். அவளைக் கூவ முடியாமல் செய்துவிட்டால், அவன் எவ்வளவு கொஞ்சினாலும் முட்டை சரியாக வளராது."

பொன்னுரங்கம் வாயைப் பிளந்தார். "ஹார்மோன் வந்தால்தானே கூவும்? கூவினால் ஹார்மோன் வருமா?"

"இரண்டும்தான். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை."

"அப்படியென்றால் எனக்கும் திரும்பி வந்துவிடுமா?"

"ஊசி போடுகிறவரை ஆசை வருவது கஷ்டம். உயிரைக் காக்கிற ஊசி, நிறுத்திவிடாதீர்கள்."

"பிறகு நான் என்னதான் செய்ய?"

அம்மா கூண்டைச் சாத்தினார். "வீட்டில் உங்கள் மனைவியை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"'இந்தா' என்பேன். பேர் சொல்லிப் பழக்கமில்லை."

"பேர் என்ன?"

"செங்கமலம்," என்றார். சொல்லும்போதே அவர் குரல் தானாகக் குழைந்தது.

"இப்போது சொன்னீர்களே, அதே குரலில் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள் ஐயா. உங்கள் காதிலும் விழட்டும்."