தெரிந்தோ தெரியாமலோ

துறவு ஏற்பதற்கு முதல் நாள், மடத்தில் இருக்கும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அது அந்த மடத்து வழக்கம். ஐம்பது வயது ஆவுடையப்பன் காலையிலேயே கிளம்பிவிட்டார்.

நந்தவனம், மாட்டுக் கொட்டகை, அடுப்படி என்று ஒரு சுற்று. போகிற இடமெல்லாம் கும்பிட்டு ஒரே வாசகம்: "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க." கல்யாணப் பத்திரிகை வைப்பது போல வேலை மளமளவென்று நடந்தது. எல்லோரும், "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

பாத்திரம் துலக்கும் பிச்சம்மாள் மட்டும் பதில் சொல்லவில்லை. அண்டாவைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் தேய்த்தாள்.

ஆவுடையப்பன் குருவிடம் வந்தார்.

"சாமி, பிச்சம்மா மட்டும் மன்னிக்க மாட்டேங்கறாங்க. நாளைக்குத் தடையாயிடுமா?"

"எதுக்கு மன்னிக்கணும்?"

"தெரிஞ்சோ தெரியாமலோ..."

"தெரிஞ்சதா, தெரியாததா?"

ஆவுடையப்பன் மேல்துண்டைச் சரிசெய்தார். "மனுஷன்னா எத்தனையோ தப்பு இருக்கும், சாமி. எதைன்னு சொல்றது?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லு."

உலகத்துப் பாவத்தையெல்லாம் ஒப்புக்கொள்ளத் தயாராக வந்தவர், அந்த ஒன்றை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"மூணு வருஷம் முன்னாடி, குருபூசை அன்னிக்கு, பாயசம் அடிப்பிடிச்சுது."

"ம்."

"என்னைப் பாத்துக்கச் சொல்லிட்டு பிச்சம்மா தண்ணி எடுக்கப் போனாங்க. வாசல்ல தெரிஞ்சவங்க வந்தாங்க. நான் பேசப் போயிட்டேன்."

"ம்."

"பந்தியில எல்லாரும் முகம் சுளிச்சாங்க. பிச்சம்மா கவனிக்காம விட்டுட்டாங்கன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவங்க என்னையே பாத்தாங்க. நான் குனிஞ்சுக்கிட்டேன்."

இப்போதும் குனிந்துதான் இருந்தார்.

"அன்னிக்கே அவங்களை அடுப்படியிலிருந்து எடுத்துட்டாங்க. அதுலேருந்து பாத்திரந்தான்."

அவமானம் பிடுங்கித் தின்றது. இந்த மூன்று வருடமும் அவள் துலக்கி வைத்த தட்டில்தான் அவர் சாப்பிட்டிருக்கிறார். சட்டென்று எழுந்தார்.

"இப்பவே போய் அவங்ககிட்ட தனியா சொல்லிடறேன், சாமி."

"பிச்சம்மாவுக்குத்தான் நடந்தது தெரியுமே," என்றார் குரு. "பந்தி உட்காரட்டும். அங்க வந்து சொல்லு."