முதுகுக்குப் பின்னால் நிற்பவன்

“இந்த சீசன்ல என் பேர்ல ஒத்த ரன் இல்லீங்க கோச். அப்புறமும் ஆட்டம் இறுகுற நேரத்துல என்னை ஏன் கூப்பிட மாட்டேங்கறீங்க?”

கேட்டவர் வெள்ளியங்கிரி. நொய்யல் பேஸ்பால் அணியின் மாற்று வீச்சாளர்.

கோச் தெய்வானை புதுப் பந்துகளில் ஆற்றுச் சேற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்காவிட்டால் புதுப் பந்து கையில் வழுக்கும். ஆட்டத்துக்கு முன் யாராவது செய்தாக வேண்டிய வேலை. அந்த அணியில் கோச்சே செய்வார்.

அவர் வெள்ளியங்கிரியைவிடச் சில வயது இளையவர். ஒரு காலத்தில் மாநில சாஃப்ட்பால் அணிக்குப் பந்து வீசியவர்.

“நேத்து ரெண்டாவது பேஸ்ல நின்னவன் பேரென்னங்ணா?” என்று கேட்டார்.

“எனக்கெப்படித் தெரியும்? நான் ஏத்திவிட்ட ஆளா அது?”

தெய்வானை அடுத்த பந்தை எடுத்தார்.

*

வெள்ளியங்கிரி முன்பு ஈட்டி எறிந்தவர். லீக் தொடங்கியபோது தோளைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

மாற்று வீச்சாளர்கள் மைதானத்தின் ஓரத்தில், கம்பி வேலி போட்ட ஓர் இடத்தில் காத்திருப்பார்கள். அணியில் அதற்குத் தொழுவம் என்று பெயர். கோச் கை காட்டினால் எழுந்து, வீசித் தோளைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பல நாள் சூடான தோளோடு மறுபடி உட்கார வேண்டியிருக்கும். முதல் வீச்சாளர் களைத்துப்போகும் நாளில் மட்டும் உள்ளே போவார்கள்.

வெள்ளியங்கிரி உள்ளே போகும்போது தளங்களில், அதாவது பேஸ்களில், எதிரணி ஆட்கள் நின்றிருப்பார்கள். முதல் வீச்சாளர் பிரிட்டோ அடி வாங்கியோ பந்தைத் தவறவிட்டோ தளத்தில் ஏற்றிவிட்ட ஆட்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. தளத்தில் நிற்பவன் சுற்றி வந்து, பேட்டர் நிற்கும் இடமான ‘வீடு’ சேர்ந்தால் ஓர் ஓட்டம்; அது அவனை ஏற்றிவிட்ட வீச்சாளரின் பெயரில்தான் குறையாக ஏறும். அப்போது பந்து யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பந்தை இரண்டு விதமாக வீசலாம். எதிரே பார்த்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, உடம்பையே சுழற்றி எறிவது முழு வீச்சு. வேகம் அதில்தான் இருக்கிறது. ஆனால் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் முதுகுக்குப் பின்னால் தளத்தில் நிற்பவன் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவான். ஒருக்களித்து நின்று சட்டென்று எறிவது இன்னொன்று. அதில் ஓடுபவனைக் கட்டிப்போடலாம். வேகம் குறையும். அடி விழும்.

தளத்தில் ஆள் நின்றால் வீச்சாளர்கள் ஒருக்களிப்பார்கள்.

வெள்ளியங்கிரி ஒருக்களித்ததில்லை. முழு வீச்சுதான். எதிரே நின்ற பேட்டர்கள் வரிசையாக வெளியேறினார்கள். அதற்குள் பின்னால் நின்றவர்கள் ஓடி வீடு சேர்ந்தார்கள்.

அவர் பெயரில் ஒன்றும் ஏறவில்லை. தொழுவத்தில் அவருக்கு வைத்த பெயர் வெள்ளைவேட்டி. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பிரிட்டோவின் பெயரில் ஏறிக்கொண்டே போனது. சீசன் முடிந்ததும் ஒரு வீச்சாளரைக் கழிக்கப்போவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. அது யார் என்பதில் அணியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிரிட்டோ தூத்துக்குடியிலிருந்து மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்து வந்து கோவையில் குடிவைத்திருந்தான். வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிடலாமா என்று ஒருநாள் உடை மாற்றும் அறையில் கேட்டான்.

*

சேறு காய்ந்த பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டே தெய்வானை சொன்னார்.

“நாளைக்கு நீங்க ஆரம்பிங்கண்ணா. பிரிட்டோ தொழுவத்துல உக்காரட்டும்.”

வெள்ளியங்கிரி இதை எதிர்பார்க்கவில்லை. முதல் வீச்சாளராக ஆட்டத்தைத் தொடங்குவது அவருக்கு அதுதான் முதல் முறை. அன்று மாலை சலூனுக்குப் போய் முகச்சவரம் செய்துகொண்டார்.

*

மறுநாள் தொடக்கம் நன்றாக இருந்தது. எதிரணியால் பந்தைத் தொட முடியவில்லை. வீச்சாளர் நிற்கும் மேட்டிலிருந்து அவர் ஒருமுறை தொழுவத்தின் பக்கம் பார்த்தார். பிரிட்டோ வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

சிறிது நேரம் மட்டும் வீசிப் பழகிய தோள் அது. வெயில் ஏற ஏறக் கனத்தது. பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை; நான்கு பந்து அப்படித் தப்பினால் பேட்டர் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போகலாம். ஒருவன் முதல் தளத்துக்குப் போனான். இன்னொருவன் போனான். மூன்றாவது ஆளும் போனபோது மூன்று தளங்களும் நிறைந்துவிட்டன.

தெய்வானை மேட்டுக்கு நடந்து வந்து கையை நீட்டினார்.

வெளியேறும் வீச்சாளர் பந்தைக் கோச்சின் கையில் வைக்க வேண்டும். உள்ளே வருபவர் அதைக் கோச்சிடமிருந்து வாங்கிக்கொள்வார். போகிறவரும் வருகிறவரும் பேசிக்கொள்ளும் வழக்கம் இல்லை.

“இன்னொரு ஆள் பார்க்கறனே கோச்” என்றார் வெள்ளியங்கிரி.

நீட்டிய கை அப்படியே இருந்தது. அவர் பந்தை வைத்தார்.

*

பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். கையில் வாங்கிக் கீழே வைத்தார்.

முதல் தளத்தில் நின்றவனைத் தெரிந்தது. தாழ்வாக வந்த பந்தை விட்டுவிட்டுப் போனவன். இரண்டாவதில் நின்றவன் இடதுகைக்காரன். மூன்றாவதில் நின்றவன் சட்டையெல்லாம் மண். மூவரையும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. மூவரும் அவருடைய ஆட்கள்.

பிரிட்டோ மேட்டில் ஏறினான். கேட்சரிடம் ஏதோ கேட்டுக்கொண்டான்.

வெள்ளியங்கிரியால் பார்க்க முடியவில்லை. உடம்பைத் திருப்பி, பெஞ்சுக்குப் பின்னால் இருந்த சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

சுவரில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. சுண்ணாம்பின் மேல் எண்ணெய் ஊறி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை. இன்று நேற்று ஏற்பட்டதல்ல. அவர் நெற்றிக்கு அது சரியாக இருந்தது.

மைதானத்தில் சத்தம் எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது. அவர் திரும்பவில்லை.

மாற்று கேட்சர் மயில்சாமி தோளைத் தொட்டார்.

“முடிஞ்சுதுங்ணா. ஒருத்தனும் வீடு சேரல. கொஞ்சம் நகருங்க, பிரிட்டோ வர்றான். அது அவன் உக்கார்ற இடம்.”

வெள்ளியங்கிரி சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்து இடம் விட்டார்.

பிரிட்டோ வந்து உட்கார்ந்து காலணிக் கயிற்றைத் தளர்த்தினான். சுவர் பக்கம் அவன் திரும்பவில்லை. அன்று அதற்கு அவசியம் இருக்கவில்லை.

“தோள் வலிக்குதாண்ணே?” என்று மட்டும் கேட்டான்.

*

அதன்பின் வெள்ளியங்கிரி கோச்சிடம் எதுவும் கேட்கவில்லை. காலையில் தெய்வானை சேறு தேய்க்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்து சில பந்துகளைத் தேய்த்துக் கொடுத்தார். தேய்த்தது சரியில்லை என்று ஒன்றிரண்டைத் தெய்வானை திருப்பிக் கொடுத்தார்.

*

சீசனின் கடைசி ஆட்டம். சேலத்து அணியோடு.

பிரிட்டோ தொடங்கி, இறுதிவரை இழுத்து வந்திருந்தான். நொய்யல் அணி ஓர் ஓட்டம் முன்னிலை. கடைசிச் சுற்றில் அவன் கை தளர்ந்தது. சேலத்துக்காரன் ஒருவன் இரண்டாம் தளத்தில் நின்றான்.

அவன் வீடு சேர்ந்தால் ஆட்டம் சமன். பிரிட்டோவின் பெயரில் இன்னொன்று ஏறும். பிரிட்டோவைக் கழிக்க நிர்வாகத்துக்கு அது போதும்.

தெய்வானை தொழுவத்தின் பக்கம் கை காட்டினார். ஆட்டம் இறுகிய நேரத்தில் வெள்ளியங்கிரிக்கு வந்த முதல் அழைப்பு.

“வெள்ளைவேட்டி வர்றாருடா. உன் ஆளு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவே உக்காந்துருவான்” என்று கூட்டத்திலிருந்து யாரோ பிரிட்டோவைப் பார்த்துக் கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. பிரிட்டோ பெஞ்சுக்குப் போய்ச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளியங்கிரி மேட்டுக்கு வந்தார். தெய்வானை பந்தை அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்.

எதிரே நின்ற பேட்டர் சேலத்தின் பெரிய அடிக்காரன். முழு வீச்சில் அவன் இவர் பந்தை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஒருக்களித்து வீசினால் தொடுவான். தொட்டால் பந்து வேலியைத் தாண்டும். அடித்தவனும் வீடு சேர்வான்; இந்த சீசனில் இவர் பெயரில் முதல் ஓட்டம் ஏறும்.

இரண்டாம் தளத்தில் நின்றவன் ஏற்கெனவே அடுத்த தளத்தின் பக்கம் சில எட்டுகள் நகர்ந்து நின்றான். வெள்ளியங்கிரியை அவனுக்குத் தெரியும். லீக்கில் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளியங்கிரி பந்தைக் கையில் உருட்டினார். பிறகு மேட்டில் முழுதாகத் திரும்பி நின்றார்.

“பேரென்ன தம்பி?”

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. தன்னைத்தான் கேட்கிறார் என்று தெரிந்ததும், “கருப்பணன்” என்றான்.

சொல்லிவிட்டு, பின்னால் நகர்ந்து, ஒரு காலைத் தளத்தின் மேல் வைத்துக்கொண்டான்.