ஒன்பது முறை பார்த்த பாடம்

தபஸ்ஸும் என்ற பெண் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சி தருபவர். பாடங்களைத் தன் குரலிலேயே தமிழில் பேசிப் பதிவு செய்து, தொழிலாளர்களின் போனுக்கு அனுப்புவார். அவருக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்த தேவசகாயத்துக்கு ஐம்பத்து மூன்று.

தேவசகாயம் பதினெட்டு வருடம் கழிவுநீர்ப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர். போன மாதம் அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள், அந்தப் பிரிவின் தொட்டியில் இறங்கிய ஏகாம்பரம் விஷவாயு தாக்கி இறந்துபோனான். அடுத்த வாரமே, தன்னைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி தேவசகாயம் எழுதிக் கொடுத்தார். ஏன் என்று தபஸ்ஸும் கேட்கவில்லை.

வந்த மூன்றாம் நாள் அவரே வாயைத் திறந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கண்ணே.”

“இந்த போன் பாடத்தால என்ன பிரயோஜனம்?”

தபஸ்ஸும் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏகாம்பரம் பாடம் முடிச்சவன். சான்றிதழ் இருக்கு. கேள்விக்கெல்லாம் சரியான பதில், நூத்துக்கு நூறு. அப்பவும் இறங்கிட்டானே.”

தபஸ்ஸும் கம்ப்யூட்டரை மூடினார். பையை எடுத்துக்கொண்டார்.

“வாங்க, ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்.”

பேருந்தில் கால் மணி நேரம். இறங்கி நடந்தார்கள். சிமென்ட் ஓடு போட்ட ஒற்றை அறை வீடு. ஏகாம்பரத்தின் அக்கா அஞ்சலை கதவைத் திறந்தார். அதே தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்ப்பவர். தம்பி போனதிலிருந்து வேலைக்கு வரவில்லை. உள்ளே அவர்களுடைய அம்மா சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். யார் வந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அஞ்சலை இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

“அன்னைக்கு நடந்ததை இவருக்குச் சொல்றீங்களா?” என்றார் தபஸ்ஸும்.

அஞ்சலை தரையில் உட்கார்ந்தார்.

“பம்ப் அடைச்சுக்கிச்சு. எடுத்து விட்டுட்டு வந்துடறேன்னு இறங்கினான். நான் பத்தடி தள்ளிப் பெருக்கிட்டிருந்தேன். சத்தமே இல்லை சார். எட்டிப் பாத்தா குப்புறக் கெடக்கறான்.”

“அப்புறம்?” என்றார் தேவசகாயம்.

“கத்தினேன். அதே ஷிப்டு சகாதேவனும் வேணுவும் ஓடி வந்தாங்க. சகாதேவன் ஏணியில கால் வெச்சுட்டான். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். கிழிஞ்சுது. விடலை. இறங்காதே, நீயும் செத்துப்போவேன்னு கத்தினேன். வேணு என்னை அறைஞ்சான். உன் தம்பிடீன்னான்.”

“விட்டீங்களா?”

“விடலை. காத்து ஊதற மெஷினைப் போடச் சொன்னேன். தீயணைப்புக்குப் போன் பண்ணச் சொன்னேன். அவங்க வர இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு.”

 

“பாடத்தை எத்தனை தடவை பாத்தீங்க?” என்றார் தபஸ்ஸும்.

“ஒம்போது தடவை மேடம். நான் அஞ்சாவது வரைக்கும்தான். எல்லாரும் இருக்கறப்ப திரும்பச் சொல்லுங்கன்னு கேட்டா சிரிப்பாங்க. போன்ல புரியலைன்னா பின்னாடி தள்ளிப் போட்டுக்கலாம். பஸ்ல கேப்பேன். உலை கொதிக்கறப்ப கேப்பேன். விழுந்தவனைத் தூக்க நீ இறங்காதேன்னு நீங்க சொல்றது மட்டும் முதல்ல புரியவே இல்லை. அதெப்படி இறங்காம இருக்க முடியும்னு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.”

சுவர்ப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“கேட்டு என்னத்தைக் கண்டே? கூடப் பொறந்தவனை உள்ள விட்டுட்டு நின்னே.”

அஞ்சலை காலி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என் கையால சோறு வாங்க மாட்டேங்குது. பக்கத்து வீட்டுல குடுத்துக் குடுக்கச் சொல்றேன்.”

தேவசகாயம் எழுந்திருக்கப் பார்த்தார். அஞ்சலை அவரையே பார்த்துக் கேட்டார்.

“சார், அவனும் இதே பாடம் பாத்தவன்தானே? எறங்கறதுக்கு முன்னால காத்தைச் சோதிச்சுப் பாக்கணும்னு அதுலயே சொல்றாங்க. அப்புறம் ஏன் சார் எறங்கினான்?”

தேவசகாயம் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். 

“வரோம்மா,” என்று தபஸ்ஸும் எழுந்தார்.

பேருந்து நிறுத்தத்தில் வெயில் சுட்டது. 

“மேடம், அந்தப் பாடத்தை அவன் பாக்கவே இல்லை.”

தபஸ்ஸும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாசக் கடைசி. என் ஷிப்டுல எல்லாரும் முடிச்சதாக் காட்டணும்னு மேல கேட்டாங்க. வேலையை நிறுத்திப் பாக்க விட முடியலை. நானே என் போன்ல போட்டு, பதிலையும் நானே அழுத்தினேன். பன்னெண்டு பேருக்கும்.”

“தெரியும்ணே.”

அவர் சட்டென்று திரும்பினார்.

“பன்னெண்டு பேர் பாடம், ஒரே போன், ஒரு மணி நேரம். எல்லாம் பதிவாகியிருக்கு. விசாரணைக்கு வந்தவங்ககிட்ட நேத்தே கொடுத்துட்டேன்.”

தேவசகாயம் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பேருந்து வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை. அது போய்விட்டது.

“அதான் கொடுத்துட்டீங்களே,” என்றார் அவர்.  “எனக்கு என்ன ஆகணுமோ அவங்க பாத்துப்பாங்க. அப்புறம் ஏன் மேடம் என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க?”

“விசாரணை ஏகாம்பரத்துக்கு,” என்றார் தபஸ்ஸும். “மத்த பதினோரு பேரும் இன்னும் பாடம் பாக்காமத்தான் நாளைக்குக் காலையில ஷிப்டுக்கு வராங்கண்ணே.”