மாஸ்டரின் முடிச்சு

கழுகுப்பாறையின் அடியில் நின்று உச்சியைப் பார்த்தால் கழுத்து வலிக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தென்னை உயரம். காலை வெயில் அதன் மேல் பாதியை மட்டும் தொட்டிருந்தது.

சோலைமலைக்கு ஐம்பத்தாறு வயது. பொறியாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, இனி எதற்கும் யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை என்று முடிவு செய்தார். சமைக்கக் கற்றுக்கொண்டார், பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டார், கடைசியில் பாறை ஏறவும் வந்துவிட்டார். சொல்லிக்கொடுக்கும் பிலோமினாவுக்கு இருபத்தெட்டு வயதுதான். ஆனாலும் அவருக்கு அவள் மாஸ்டர்.

ஐந்து மாதமாக அவர் ஏறுவார், அவள் கீழே நின்று கயிறு பிடிப்பாள். ஏறுகிறவர் இடுப்பிலிருந்து போகும் கயிறு, உச்சியிலுள்ள இரும்பு வளையத்தில் நுழைந்து, பிடிக்கிறவர் இடுப்பில் கயிற்றை ஓடாமல் நிறுத்தும் பூட்டுக்கு இறங்கி வரும். உச்சியைத் தொட்டதும் ஏறினவர் கயிற்றை நம்பிப் பின்னால் சாய்வார், பிடிக்கிறவர் கயிற்றை விட்டு விட்டு இறக்குவார். இன்றுதான் முதல் முறையாக அவள் ஏற, அவர் பிடிக்கப் போகிறார்.

பிலோமினா இடுப்பு வாரில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"யார் துணையும் இல்லாம ஏற எத்தனை வருஷம் ஆகும்?"

அவள் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் சார்?"

"கீழ ஒரு ஆளைக் காக்க வெச்சுட்டு ஏறுறது ஒரு மாதிரியா இருக்கு. உங்களுக்கெல்லாம் யாரும் தேவைப்படாதுல்ல? அந்த நிலைக்கு வரணும்."

"இறங்கி வந்து சொல்றேன்."

தரையை விட்டுக் கிளம்புமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் இழுத்துப் பார்க்க வேண்டும். பாறை ஏறுகிறவர்களின் வழக்கம் அது. அவள் அவருடைய பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். அவர் கை அவள் முடிச்சை நோக்கிப் பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டது. மாஸ்டரின் முடிச்சை மாணவன் சோதிப்பதா? வாத்தியார் போட்ட கணக்கைச் சரிபார்த்துப் பழகாத தலைமுறை.

"ஏறுங்க மாஸ்டர்" என்றார் பவ்யமாக.

ஏறினாள். அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத இடத்தில் அவள் விரல்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. அவசரமே இல்லை. அத்தனை பெரிய கல்லில் அத்தனை சின்ன உடம்பு மேலே மேலே போனது. வெயிலுக்குள் அவள் நுழைந்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

அந்த வெயிலில்தான் அவருக்குத் தெரிந்தது. அவள் இடுப்பிலிருந்து ஒரு முழம் கயிறு தனியே தொங்கி ஆடியது. முடிச்சுக்குள் திரும்பிப் போயிருக்க வேண்டிய நுனி அது. உடம்பின் கனம் விழுந்தால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

மாஸ்டர் தெரியாமலா செய்திருப்பாள்? இது வேறு வகை முடிச்சாக இருக்குமோ? அந்த எண்ணம் அவர் வாயைக் கட்டிப்போட்டது. அதற்குள் அவள் உச்சியைத் தொட்டுவிட்டாள்.

"சார், சாயறேன். இறக்குங்க!"

"சாயாதீங்க!"

தன் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது அவருக்கே தெரியாது.

"முடிச்சு! முழுசாப் போடல! வளையத்தைப் பிடிங்க!"

அவள் வளையத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு வாரில் இருந்த பட்டையை வளையத்தில் மாட்டிக்கொண்டு, முடிச்சை முதலிலிருந்து போட்டாள்.

"சார், பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன். நுனியைக் காட்டுங்க."

காட்டினாள்.

"சாயுங்க."

பட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்தாள். ஒரு முழு ஆளின் கனம் அவர் கைக்கு வந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. அதைவிட வியப்பாக இருந்தது. ஓர் உயிர் தன்னை நம்பிக் காற்றில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டு அவளை இறக்கினார்.

கால் தரையில் பட்டதும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் தண்ணீர் கொடுத்தார்.

அவர்தான் முதலில் பேசினார். "புரிஞ்சுபோச்சு மாஸ்டர். என்னைச் சோதிச்சுப் பாத்தீங்க."

"இல்ல சார். மறந்துட்டேன்."

"பதினாலு வருஷமா ஏறுறீங்க."

"ஆமா."

"உங்களுக்கே மறக்குமா?"

அவள் எழுந்தாள். முடிச்சை அவிழ்த்து, கயிற்றை மறுபடி கோத்து, புதிதாகப் போட்டாள். அவர் முன்னால் வந்து நின்றாள்.

"யாரும் தேவைப்படாம ஏற எத்தனை வருஷம்னு கேட்டீங்கல்ல?"

"ஆமா."

"எனக்கு இன்னும் அந்த வருஷம் வரல சார். இழுத்துப் பாருங்க."